ஸ்கந்தபுரத்திலிருந்து மென்பொருள் துறைக்கு: எங்கே தொடங்குவது, எப்படி வளர்வது?

மெனிக்பாம் முகாமின் கூடாரங்களில் பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தரம் படிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். “கொம்பியூட்டர் படிக்கப் போறன் எண்டு நிக்கிறான், எங்க சேர்க்கிறது?” என்று கேட்கும் பெற்றோரை ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் காணலாம். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சோடிக் காப்போ அரை ஏக்கர் வயலோ இருக்கிறது. “ஆறு மாதத்தில் வேலை நிச்சயம்” என்ற விளம்பரத்தை நம்பி அதை அடகு வைப்பதற்கு முன், இந்தத் துறை எப்படி இயங்குகிறது என்று அறிந்துகொள்வது நல்லது.

வன்னிக்குக் கணினி புதிதல்ல. 1996இல் கிளிநொச்சி நகரம் வீழ்ந்து, ஸ்கந்தபுரம் இடம்பெயர்ந்தோரால் நிரம்பியபோது பிள்ளைகள் மரநிழலிலும் கொட்டில்களிலும் இருந்து படித்தார்கள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் இயங்கிய வன்னிரெக் நிறுவனம் எமது இளைஞர்களுக்குக் கணினித் தொழில்நுட்பம் கற்பித்தது. இறுதிப் போரோடு அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனது.

இந்த வேலை என்ன?

ஒரு வேலையைக் கணினி பிசகாமல் செய்யக்கூடிய சிறு சிறு படிகளாகப் பிரித்து எழுதுவதே மென்பொருள் உருவாக்கம். நாம் அறிந்த உதாரணத்தையே எடுப்போம். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடி, குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கிறார்கள். 1000 ஏக்கரில் இம்முறை 400 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். 3 ஏக்கர் உள்ளவருக்கு 1.2 ஏக்கர் பங்கு. இந்தக் கணக்கைக் கணினிக்குச் சொல்ல ஒரு வரி போதும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒருவரின் காணி இரண்டு வாய்க்கால்களில் இருந்தால்? காணி இறந்துபோன தகப்பனின் பெயரில் இருக்க, மகள் செய்கை பண்ணினால்? உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால்? இந்தக் கேள்விகளைக் கண்டுபிடித்து, விவசாயிகளிடம் போய்க் கேட்டு, விடைகளை விதிகளாக எழுதி, பிழை வருகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பவரே மென்பொருளாளர். கணிதத்தில் மேதையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையும், பிழையைத் தேடிப் பிடிக்கும் பிடிவாதமும் வேண்டும்.

முதல் ஆண்டு

பைதன் அல்லது ஜாவாஸ்கிரிப்ற், இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தும் பயிலுநர் மென்பொருளாளர் பாடநெறி இலவசமானது; இணையப்பக்க வடிவமைப்பில் தொடங்கிப் பைதன், சேவையகம் வரை கொண்டுபோகிறது. பாடங்களைக் கைபேசியில் பார்க்கலாம். எழுதிப் பழகுவதற்கு மடிக்கணினி தேவை. பாவித்த ஒன்று தாராளமாகப் போதும்.

அடுத்து ‘கிற்’ பழகுங்கள். எழுதும் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் இந்தக் கருவியை லினஸ் ரோவால்ட்ஸ் 2005இல் உருவாக்கினார். அதோடு ‘கிற்ஹப்’ தளத்தில் உங்கள் வேலையை எல்லோரும் பார்க்க வையுங்கள். சான்றிதழோடு சேர்த்து, “நீங்கள் செய்தது எங்கே?” என்றும் நிறுவனங்கள் கேட்கின்றன. ஊரின் பால் சேகரிப்புக் கணக்கோ, சனசமூக நிலைய நூல் பதிவோ, உண்மையில் ஒருவர் பாவிக்கும் ஒரு சிறு மென்பொருள், பாதியில் விட்ட பத்து வேலைகளைவிட மேலானது.

படிக்கும் வழிகள்

உயர்தரத்தில் வெட்டுப்புள்ளி கிடைத்தவர்களுக்கு, யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் ஏ9 வீதியோரம் அறிவியல் நகரிலேயே இருக்கிறது. அங்கு கணினிப் பொறியியலும் உண்டு. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. வெட்டுப்புள்ளி தவறினால் கதவு மூடப்படவில்லை. அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பம் கற்கலாம். வேலை செய்துகொண்டே படிப்பவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு முயலலாம். மூன்று ஆண்டும் முடிக்க இயலாதவர் முதலாம் ஆண்டோடு டிப்ளோமா பெற்று வெளியேறலாம்.

போரில் காலை இழந்தவர்களுக்கும் இருந்து செய்யக்கூடிய வேலை இது. பார்வை இழந்தவர்களும் விலக்கல்ல. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ‘என்விடிஏ’ என்ற இலவச மென்பொருளை 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியவர்கள் பார்வையற்ற இளைஞர்களே.

வேலை கிடைத்த பிறகு

பயிலுநர், இளநிலைப் பொறியியலாளர், முதுநிலைப் பொறியியலாளர், குழுத் தலைவர் என்று படிகள் போகும். மேலே ஏறுபவர்கள் பிறர் எழுதிய நிரலை வாசித்துப் பழகியவர்கள். விளங்காததை வெட்கப்படாமல் கேட்டவர்கள். திறந்த மூல மென்பொருட்களில் பங்களிப்பது நல்ல பயிற்சி. கூகுளின் கோடைகாலத் திட்டத்தில் ஊதியத்தோடு அதைச் செய்யலாம். 2022 முதல் பல்கலைக்கழக மாணவர் அல்லாத, 18 வயதைத் தாண்டிய புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் சரளமாகப் பேச வராவிட்டாலும், ஒரு பிழையைத் தெளிவாக எழுதி விளக்கும் அளவுக்குப் பழகுங்கள்.

செயற்கை நுண்ணறிவு இப்போது சில நொடிகளில் நிரல் எழுதித் தருகிறது. அதனால் தொடக்கநிலை வேலைகளுக்குப் போட்டி கூடியிருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிரல் சரியா என்று சொல்லவும், தகப்பன் பெயரில் உள்ள காணியை மகள் செய்கிறாள் என்ற உண்மையை அதற்கு எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும். விளங்காமல் பிரதி எடுப்பவர் முதல் நேர்முகத் தேர்விலேயே அகப்படுவார்.

காசு கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? சென்ற முறை படித்தவர்கள் செய்த மென்பொருளைக் காட்டுவார்களா? அவர்களில் இருவரோடு நாம் நேரில் பேசலாமா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் காப்பு வீட்டிலேயே இருக்கட்டும். இலவசப் பாடத்தில் மூன்று மாதம் படித்துப் பார்த்து, பிள்ளைக்கு இது பிடிக்கிறதா என்று தெரிந்த பின் முடிவெடுக்கலாம்.