மறக்காத மரப்பொந்து

அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாகப் படித்த நாவல்களில் பலர் மனதோடு ஒட்டிக்கொண்டது, ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. 1960-இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. வீட்டைவிட்டு வெளியே வராத பூ ராட்லி, பிள்ளைகளுக்காக ஓக் மரப்பொந்தில் வைக்கும் சூயிங்கம், காசு, சோப்பில் செதுக்கிய இரண்டு பொம்மைகள்... பரீட்சை மறந்துபோகும், அந்தப் பொந்து மறக்கவே மறக்காது!

1966-இல் வர்ஜீனியாவின் ஹானோவர் பகுதிக் கல்விக் குழு, ஒழுக்கக்கேடு என்று சொல்லி இந்த நாவலைப் பள்ளிகளிலிருந்து நீக்க உத்தரவிட்டது. லீ சும்மா இருக்கவில்லை. ரிச்மண்ட் நகரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, கூடவே சிறு தொகையும் அனுப்பிவைத்தார். எதற்குத் தெரியுமா? அந்தக் குழுவினரை ஏதாவது ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட!