பங்குனி ஆமைகளின் கரையில்

மகாராஷ்டிர மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்தில், சாவித்திரி ஆறு அரபிக்கடலில் கலக்கும் முகத்துவாரத்திற்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ளது வேளாஸ் என்னும் சிற்றூர். பேஷ்வா ஆட்சியின் புகழ்பெற்ற அமைச்சர் நானா பட்னவிஸின் பூர்வீகக் கிராமம் இது. எனினும், இன்று பயணிகளை அங்கு ஈர்ப்பது வரலாறு அன்று. உள்ளங்கையில் அடங்கிவிடும் கடலாமைக் குஞ்சு.

தமிழகக் கரையில் பங்குனி ஆமை என்று நாம் அழைக்கும் அதே இனந்தான் வேளாஸிலும் கரையேறுகிறது. குளிர்காலத்து இரவுகளில் தாய் ஆமை மணலைத் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முன்னர் அம்முட்டைகளை மனிதர்களும் நாய்களும் நரிகளும் எடுத்துச் சென்றனர். 2002ஆம் ஆண்டில் சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ர என்னும் அமைப்பு, ஊர்மக்களின் துணையுடன் முட்டைகளைக் காக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஆமைத் திருவிழா பிறந்தது. கிராமத்து வீடுகள் விருந்தினர் இல்லங்களாயின. உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாயினர்.

தடம் பார்க்கும் தொழில்

வழிகாட்டியின் பணி விருந்தினர் வருமுன்பே தொடங்கிவிடுகிறது. விடியலில் கரை நெடுக நடந்து, மணலில் பதிந்த தடங்களைத் தேட வேண்டும். அலை ஏறினால் தடம் அழிந்துவிடும். குழியைக் கண்டறிந்ததும் முட்டைகளைப் பதமாக எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். நாளையும் எண்ணிக்கையையும் குறித்து வைக்கிறார்கள். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகமாகப் பிறக்கும்.

காலையிலும் மாலையிலும் குழிகளின்மேல் கவிழ்த்த கூடைகளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். குஞ்சுகள் இருந்தால், கடலுக்குச் சற்று முன்னே மணலில் விடுகிறார்கள். கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் மூச்சடக்கிப் பார்க்கிறது.

மறுக்கத் தெரிந்தவர்

வழிகாட்டிக்கு உண்மையான சோதனை இங்குதான். நெடுந்தொலைவு பயணம் செய்து, பணம் செலவிட்டு வந்தவர், "ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார். குழந்தைக்காக ஒரு படம் எடுக்க விளக்கொளி வேண்டுமென்பார். குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையையே கடலென்று நம்பி நகர்பவை. செயற்கை ஒளி அவற்றை வழிதவறச் செய்துவிடும். ஆகவே வழிகாட்டி பணிவுடன் மறுக்க வேண்டும். கூடையின் கீழ் ஒரு குஞ்சும் இல்லாத நாளும் உண்டு. அன்று ஏமாற்றத்துடன் நிற்பவருக்கு, ஆமையின் வாழ்வை விளக்கி மனநிறைவோடு அனுப்புவதே அவருடைய திறமை.

வருவாய் வரும் காலமோ ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. அறுவடைப் பணத்தை ஆண்டு முழுமைக்கும் பகிர்ந்து வைக்கும் உழவரைப் போலவே இவர்களும் திட்டமிட வேண்டியிருக்கிறது. முதலைத் தொடாமல் வட்டியில் வாழும் சிக்கனம் நமக்குத் தெரிந்ததே. வேளாஸின் முதல் அந்த முட்டைகள். இன்று கடல்சேரும் பெண் குஞ்சு, தப்பிப் பிழைத்தால், பத்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்திற்குப் பின்னரே முட்டையிடத் தான் பிறந்த கரைப்பகுதியை நாடும். ஒரு விருந்தினரின் மகிழ்ச்சிக்காக இன்று விதியைத் தளர்த்தினால், இழப்பு அடுத்த தலைமுறை வழிகாட்டியைச் சேரும்.

செல்ல விரும்புவோர்க்கு

குஞ்சு பொரிக்கும் பருவம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. புறப்படுமுன் தங்குமிடத்தாரிடம் நிலவரத்தைக் கேட்டறிவது நலம். இரண்டு நாள்களேனும் ஒதுக்கினால், காலை மாலை எனப் பல வாய்ப்புகள் கிட்டும். கரையில் கைவிளக்கைத் தவிர்ப்போம், கயிற்றைத் தாண்டாதிருப்போம், வழிகாட்டி "வேண்டாம்" என்று சொன்னால், ஒரு கரையைக் காக்கும் சொல்லாக அதனை மதிப்போம்.