காருக்கு அடியில் போகும் முன்

2020 மே மாதம், அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தன் கடைகளில் விற்ற சுமார் 17 லட்சம் ஜாக் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஜாக்கியால் தூக்கிய காருக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்புத் தாங்கிதான் ஜாக் ஸ்டாண்ட். அதன் பல்வரிசையைக் கொக்கி சரியாகக் கவ்வாததால், பாரம் ஏறியிருக்கும்போதே தாங்கி சட்டென்று இறங்கிவிடக்கூடும் என்பதுதான் குறை. தயாரிப்பு அச்சுகள் தேய்ந்துபோனது அதற்குக் காரணம். அடுத்த இரண்டே மாதத்தில், மாற்றாகக் கொடுத்த ஒரு ரகத்திலும் வெல்டிங் கோளாறு தெரியவந்து, அதையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் வீட்டையொட்டி ஷெட் போட்டுத் தொழில் நடத்தும் மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் காரின் ஆயிலைத் தாமே மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. அவசரத்துக்கு ஜாக்கியை ஏற்றி, ஹாலோ பிளாக்கையோ நாலு செங்கல்லையோ முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் புகுந்துவிடுவது இவர்களிடம் சகஜம். பாரம் தாளாத ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். டிக்கியில் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு ரப்பர் சீல் கசிந்தால் போதும், வண்டி இறங்கிவிடும். ஆகவே காரைத் தூக்கும் லிப்ட் வாங்க நினைப்பது நல்ல யோசனைதான். ஆனால் லிப்டிலும் காரைத் தூக்குவது மோட்டாரும் எண்ணெய் அழுத்தமும். தூக்கிய காரைத் தாங்கி நிற்க வேண்டியது இயந்திரப் பூட்டு. விலை பேசும்போது எத்தனை டன் தூக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பூட்டைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

கூரை, தரை, மின்சாரம்

இரட்டைத் தூண் லிப்ட் காரை ஏறக்குறைய 6 அடி உயரத்துக்கு ஏற்றும். காரின் உயரம் சுமார் 5 அடி. ஆக, 11 அடியாவது வேண்டும். நம் வீடுகளில் கூரை பொதுவாக 10 அடிதான்; பீம் ஓடும் இடத்தில் அதுவும் குறையும். உயரமான தகர ஷெட் உள்ளவர்களுக்கு இந்த லிப்ட் பொருந்தும். கான்கிரீட் கூரைக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு, இடுப்பளவு மட்டும் தூக்கும் சிசர் லிப்ட் போதும். பிரேக், டயர், சஸ்பென்ஷன் வேலைகளை அதிலேயே முடித்துவிடலாம். நாலு தூண் லிப்ட், ஒரு காரின் மேல் இன்னொன்றை நிறுத்த வசதியானது. ஆனால் கார் தன் சக்கரங்களின் மேலேயே நிற்பதால், டயரைக் கழற்ற அதில் தனி ஜாக்கி வேண்டியிருக்கும்.

அடுத்தது தரை. இரட்டைத் தூண் லிப்டின் பாரம் முழுவதும் தூண்களின் அடித்தகடு வழியாகவும் ஆங்கர் போல்ட் வழியாகவும் தரைக்குப் போகிறது. குறைந்தது 4 அங்குலக் கனமும் 3,000 பிஎஸ்ஐ வலிமையும் உள்ள கான்கிரீட் வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பெரிய மாடல்களுக்கு இன்னும் கூடுதல். நம்மூரில் வழக்கமாகப் போடும் எம்20 கலவை அந்த வலிமைக்குச் சற்றே குறைவு. கொத்தனாரிடம் எம்25 என்று சொல்லிப் போடச் செய்வது நல்லது. புதுத் தரைக்கு 28 நாள் இறுக அவகாசம் தர வேண்டும். பேவர் பிளாக் மேலோ டைல்ஸ் மேலோ தூணை நிறுத்தவே கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிற்கும் தளம் கீழ்த்தளத்தின் கூரையாக இருக்கலாம். பொறியாளர் பார்க்காமல் அதில் துளை போடுவது மொத்தக் கட்டடத்துக்கும் ஆபத்து.

லிப்டுக்கு மும்முனை இணைப்பு தேவையா, ஒருமுனை போதுமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால், மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்கீழ் அபராதக் கட்டணம் வரும். லிப்டின் விலையோடு தரை வேலை, ஒயரிங், போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகுதான் எது மலிவு என்று தெரியும். அந்தக் கணக்கு கட்டுப்படியாகாவிட்டால், நல்ல டிராலி ஜாக்கியும் நான்கு தரமான ஸ்டாண்டும் வாங்குவதே உத்தமம். தரமில்லாத லிப்டைவிட அவை பாதுகாப்பானவை.

காதில் விழ வேண்டிய சத்தம்

லிப்ட் ஏறும்போது இரண்டு தூண்களிலும் பூட்டுக் கொக்கி படிப்படியாக விழும் 'டக், டக்' சத்தம் கேட்கும். ஒரு தூணில் மட்டும் கேட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தேவையான உயரம் வந்ததும் லிவரை அழுத்திக் காரைச் சற்றே இறக்கி, இரண்டு பூட்டுகளின் மேலும் உட்கார வைத்த பிறகே அடியில் போக வேண்டும். அதன்பின் எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் கார் இறங்காது. கடைக்காரரிடம் இதைச் செய்துகாட்டச் சொல்லலாம். தயங்கினால் வேறு கடை பார்ப்பதே நல்லது.

லிப்டின் கைகளின் நுனியில் உள்ள ரப்பர் பட்டைகள், காரின் கையேடு காட்டும் இடங்களில்தான் பட வேண்டும். மின்சாரக் காரின் அடியில் பேட்டரி பரந்திருப்பதால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. தரையிலிருந்து அரை அடி தூக்கியதும் காரை அசைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜினைக் கழற்றினால் பாரம் பின்பக்கம் சாயும் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய திருகு வகை லிப்ட் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் பாரம் சுமக்கும் நட்டுக்குக் கீழே பாதுகாப்பு நட்டு இருக்கும். மேல் நட்டு தேயத் தேய இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். கையேடு சொல்லும் அளவுக்குக் கீழே போயிருந்தால் நட்டை மாற்றாமல் பயன்படுத்தக் கூடாது.

'சிஇ' என்னும் ஐரோப்பிய முத்திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. வாகன லிப்டுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1493. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் இருக்கும் மாடல் எண்ணும் தூணில் அடித்திருக்கும் தகட்டின் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் லிப்ட் இன்ஸ்டிட்யூட் சான்றளித்த மாடல்களின் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

சட்டம் தரும் பிடி

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. வடிவமைப்புக் குறை, தயாரிப்புக் குறை, போதிய எச்சரிக்கையோ வழிமுறைகளோ தராதது ஆகிய எதற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. அஜாக்கிரதையாகப் பொருத்திக் கொடுத்தவரும் தப்ப முடியாது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவர் மேல் வழக்குத் தொடுக்கலாம். பொருளின் குறைக்காக மாற்றுப் பொருளோ பணமோ தனியாகக் கேட்கலாம். ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றி அமைத்திருந்தாலோ விற்றவர் மேல் வழக்கு நிற்காது. கூடுதல் உயரத்துக்காக வெல்டிங் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சில விற்பனையாளர்கள் மிரட்டுவதுண்டு. சுயதொழிலால் பிழைக்கும் மெக்கானிக் தன் ஜீவனத்துக்காகவே வாங்கிய லிப்டுக்கு அந்தத் தடை பொருந்தாது. இணையத்தில் வாங்குவோர், விற்பவரின் முகவரியும் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்ற விவரமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அவற்றை வெளியிடுவது 2020 மின்வணிக விதிகளின்படி கட்டாயம்.

குறை தெரிந்தால் முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பலனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதுவும் போதாவிட்டால், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜிஎஸ்டி பில், உத்தரவாத அட்டை, கையேடு, பொருத்தியவர் தந்த ரசீது, மாடல் தகட்டின் படம் ஆகியவை அப்போது கையில் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்துவிட்டால், காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பிய கையோடு லிப்டைப் பல கோணங்களில் படம் எடுத்து, உடைந்த பாகத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். பழுது பார்க்க வந்தவரிடம் அதைக் கொடுத்தனுப்பிவிட்டால், குறை இருந்தது என்பதை நிரூபிப்பது கடினம்.