மூணு மாசம் முடியட்டும்

ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்பு தைராய்டு கோளாறைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். தொண்டைக்குக் கீழே கழலை புடைத்திருந்தால் நோய், புடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. கர்ப்பிணியிடம் போய் அதைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தைராய்டு குறைந்தால் வரும் தொல்லைகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: அசதி, எந்நேரமும் தூக்கம், மலச்சிக்கல், முகம் உப்புதல், உடம்பு கனத்தல், மறதி. இதில் எது கர்ப்பத்தில் வராதது? “மாசமா இருக்கிறவ அப்படித்தான் இருப்பா” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். பல நேரம் டாக்டரும் அதையேதான் சொன்னார்.

கரு கலைந்தால் பப்பாளி மேல் பழி விழுந்தது. இல்லாவிட்டால் உச்சிப்பொழுதில் வெளியே போனதைச் சொன்னார்கள், மருமகளின் ராசியைச் சொன்னார்கள். குறைமாதத்தில் பிறந்தால் விதி. பிள்ளை மூன்று வயதாகியும் பேசாவிட்டால், “அவங்க பெரியப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று ஓர் ஆறுதல். இவற்றில் சிலவற்றுக்காவது அம்மாவின் கழுத்துக்குள் இருக்கும் ஒரு சிறு சுரப்பி காரணமாக இருக்கலாம் என்பது அன்றைய கணக்கிலேயே வரவில்லை.

சந்தேகம் வந்தாலும் உறுதிப்படுத்துவது சுலபமாக இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் மூச்சை அளந்து உடம்பின் எரிசக்தியைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அயோடினை அளந்தார்கள். கர்ப்பத்தில் இந்த இரண்டு அளவும் தாமாகவே ஏறிவிடும். குறைபாடு உள்ளவளும் அந்தச் சோதனையில் சரியாக இருப்பதுபோலத் தெரிவாள். ரத்தத்தில் துளியினும் துளியாக இருக்கும் ஹார்மோனை அளக்கும் முறையை அமெரிக்காவில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கினார்கள். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சிறு நகரங்களுக்கு அந்தச் சோதனை வந்து சேர இன்னும் பல காலம் ஆனது. அதுவரை ரத்தத்தை எடுத்து நகரத்துக்கு அனுப்பிவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று காலையில் கையை நீட்டினால் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. முதல் செக்கப்பிலேயே சர்க்கரை, ரத்தசோகை வரிசையில் டிஎஸ்ஹெச் சோதனையையும் எழுதிக் கொடுக்கிறார்கள். தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன் அது. தைராய்டு குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். கழுத்தில் தெரிந்த நோய் காகிதத்தில் எண்ணாக வந்துவிட்டது.

உப்பு விளையும் ஊரில்

கழலை குறைந்த கதை உப்பில் தொடங்குகிறது. 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற ஊர்களில் கழலை கண்கூடாகக் குறைந்தது. 1962இல் மத்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கழலை மட்டுமல்ல, கருவிலேயே மூளை வளர்ச்சி குறைவதும் அயோடின் பற்றாக்குறையால்தான் என்பது தெளிவானபின், 1992இல் திட்டத்தின் பெயரையே ‘அயோடின் குறைபாட்டு நோய்கள்’ என்று விரித்தார்கள். அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்க 1997இல் நாடு முழுக்கத் தடை வந்தது, 2000இல் விலக்கப்பட்டது, 2006இல் திரும்ப வந்தது.

தமிழ்நாட்டில் இது மலைநாட்டு விவகாரம் என்றே பலர் நினைத்தார்கள். நமக்குத்தான் கடல் இருக்கிறதே, தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைகிறதே! ஆனால் கடல்நீரில் இருக்கும் அயோடின் உப்பில் தங்குவதில்லை. உப்பு படிந்தபின் வடித்துவிடும் நீரோடு அது போய்விடுகிறது. சைக்கிளில் மூட்டை கட்டி, தெருத்தெருவாகப் படிக்கணக்கில் விற்றுப்போன கல்லுப்பில் உப்புதான் இருந்தது.

இன்று பாக்கெட் உப்பு பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. ஆனாலும் 2018-19இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். அந்தக் கணக்கெடுப்பில் மாநிலங்களில் நாம்தான் கடைசி. உப்பு விளைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மூட்டையாக வாங்கிக்கொள்ள முடிவது ஒரு காரணம். இப்போது நகரத்துப் படித்த வீடுகளில் ‘ஆர்கானிக்’ என்று இந்துப்பும் நாட்டுக் கல்லுப்பும் திரும்பி வருகின்றன. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் அயோடின் இருக்காது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரணப் பெண்ணுக்கு வேண்டியது 150தான். கூடுதலாக உப்பைக் கொட்ட வேண்டியதில்லை. போடுகிற உப்பு அயோடின் உப்பாக இருந்தால் போதும்.

எண் வந்தபிறகு

சோதனை வந்ததும் அடுத்த கேள்வி: எந்த எண்ணுக்கு மேல் போனால் நோய்?

1999இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வேறொரு சோதனைக்காகக் கர்ப்பிணிகளிடம் எடுத்து உறைய வைத்திருந்த ரத்தத்தை, ஆண்டுகள் கழித்து எடுத்துத் தைராய்டு பார்த்தார்கள். குறைபாடு இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு அப்போது ஏழு முதல் ஒன்பது வயது. கர்ப்பத்தில் சிகிச்சையே பெறாதவர்களின் பிள்ளைகளுக்கு, குறைபாடு இல்லாத தாய்மார்களின் பிள்ளைகளைவிட அறிவுத்திறன் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்திருந்தது. பிரசவ மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

அதன்பின் அளவுகோல் இறுகியது. 2011இல் அமெரிக்கத் தைராய்டு சங்கம், முதல் மூன்று மாதங்களில் டிஎஸ்ஹெச் 2.5க்கு மேல் போகக் கூடாது என்றது. அந்தக் கோட்டை இந்தியாவில் வைத்துப் பார்த்தபோது என்ன ஆனது? 9 மாநிலங்களின் 11 நகரங்களில் கர்ப்பிணிகளைச் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 4.5 என்ற கோட்டை வைத்தால் 13 சதவீதப் பெண்களுக்குக் குறைபாடு. அமெரிக்கச் சங்கத்தின் கோட்டை வைத்தால் அதே பெண்களில் 44 சதவீதம்! ரத்தம் மாறவில்லை, கோடுதான் மாறியது. 2017இல் அந்தச் சங்கமே தன் கோட்டைத் தளர்த்தியது. அந்தந்த ஊர்க் கர்ப்பிணிகளுக்கான அளவு இருந்தால் அதைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறத்தாழ 4 என்று வைத்துக்கொள்ளலாம் என்றது.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிற பெண்ணுக்கு இந்தக் கதை தெரியாது. அவள் பார்ப்பது ஒரு தாள். தடித்த எழுத்தில் 3.8, பக்கத்தில் பொதுவான ஆட்களுக்கு அச்சிட்ட அளவு. லேப் சரி என்கிறது, கூகுள் தப்பு என்கிறது, பக்கத்து வீட்டு அக்கா “எனக்கு இதுக்கே மாத்திரை போட்டாங்க” என்கிறாள். அன்று தெரியாமல் இருந்ததால் பயமில்லை, இன்று தெரிந்துவிட்டதால் ராத்தூக்கம் இல்லை. லேசாக ஏறியிருக்கும் எண்ணுக்கெல்லாம் மாத்திரை கட்டாயமில்லை. தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா, முன்பு கரு கலைந்திருக்கிறதா, தைராய்டு சுரக்கும் டி4 (தைராக்சின்) எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். ஆனால் டிஎஸ்ஹெச் நன்றாக ஏறி டி4 இறங்கியிருந்தால் அதில் இரண்டு பேச்சில்லை. கருச்சிதைவு, குறைப்பிரசவம், ரத்தக்கொதிப்பு, எடை குறைந்த குழந்தை என்று அதற்கு விலை உண்டு.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு முதல் மூன்று மாதம் ஒரு மருந்து, பிறகு வேறொன்று என்று மாற்றிக் கொடுக்கும் அளவுக்கு மருத்துவம் நுணுக்கமாகியிருக்கிறது. கடும் வாந்தியோடு வரும் பெண்ணுக்கு டிஎஸ்ஹெச் இறங்கியிருந்தால், அது பெரும்பாலும் கர்ப்ப ஹார்மோன் செய்யும் வேலை, சில வாரத்தில் தானே சரியாகும் என்று காத்திருக்கவும் கற்றிருக்கிறார்கள்.

மாத்திரையும் காபியும்

மருந்தும் மாறியது. முன்பு ஆடு, மாடு, பன்றியின் சுரப்பியை உலர்த்திப் பொடித்த மாத்திரைதான். ஒரு தொகுதியில் இருந்த வீரியம் அடுத்ததில் இருக்குமா என்பது நிச்சயமில்லை. இன்று கிடைப்பது செயற்கையாகச் செய்த தைராக்சின். உடம்பு சுரப்பதும் அதுவும் ஒன்றுதான் என்பதால் கருவுக்குக் கெடுதல் இல்லை. 12.5, 25, 50 என்று மைக்ரோகிராம் கணக்கில் கிடைக்கிறது, விலையும் எட்டக்கூடியது.

சிக்கல் விழுங்குகிற நேரத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. நம் வீடுகளில் எழுந்ததும் முதலில் கைக்கு வருவது டபராவும் டம்ளரும். போதாததற்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா அன்போடு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். மறந்துபோகும் என்று மூன்றையும் சேர்த்துக் காலையிலேயே போட்டுக்கொள்ளும் பெண்கள் நிறைய. அடுத்த மாதம் எண் இறங்கவில்லை என்று டோஸ் ஏறும். விடிகாலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம், ராத்திரி இரும்புச்சத்து என்று நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவரை வீட்டைவிட்டே விரட்ட வேண்டியதில்லை. அயோடின் உப்பு போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிற அளவில் அவற்றால் கெடுதல் இல்லை.

பிரசவம் ஆனதும் டோஸ் கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கு இறங்கும். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. அன்று ‘பிள்ளை பெத்த உடம்பு’ என்று விட்டுவிட்ட படபடப்புக்கும் சோர்வுக்கும் பின்னால் பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி இருக்கலாம் என்பதும் இன்று தெரிந்திருக்கிறது. பச்சிளங்குழந்தையின் குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் வழக்கமும் பரவி வருகிறது. பிறவிக் குறைபாடு இருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால், அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளரும்.

மாறாத ஒன்று

சோதனையும் மாத்திரையும் அளவுகோலும் மாறிவிட்டன. வீடு மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது.

கருவின் தைராய்டு ஏறத்தாழ 12ஆவது வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. சொந்தக் காலில் நிற்க இன்னும் சில வாரமாகும். அதுவரை மூளை கட்டுவதற்கான தைராக்சின் பெரும்பாலும் அம்மாவிடமிருந்துதான் போகிறது. 2004இல் பாஸ்டன் மருத்துவர்கள் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே கவனித்தார்கள். ஐந்தாவது வாரத்திலேயே தேவை ஏறத் தொடங்கியது. முதல் பாதிக்குள் சராசரியாக 47 சதவீதம் கூடியது. ஐந்தாவது வாரம் என்றால் நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்.

அந்தச் சமயத்தில் நம் வீட்டில் என்ன நடக்கிறது? “மூணு மாசம் முடியட்டும், அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுடும்.” ஊருக்குச் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. பல வீடுகளில் டாக்டரும் அந்த ‘யார்’ கணக்கில் சேர்ந்துவிடுகிறார். இன்னொரு மறைப்பு அதற்கும் முந்தியது. பெண் பார்க்க வரும்போதே, “மாத்திரை கீத்திரைன்னு அவங்ககிட்ட பேசிட்டிருக்காதே” என்று சொல்லி அனுப்பும் அம்மாக்கள் உண்டு. மாத்திரை பாட்டில் பீரோவில் புடவைக்கு அடியில் போகிறது. புகுந்த வீட்டில் விடிகாலை எல்லாரும் விழித்திருக்கிறார்கள், அதனால் ஒரு நாள் போடுகிறாள், இரண்டு நாள் விடுகிறாள். நாள் தள்ளிப்போனதும், மருந்து கருவுக்கு ஆகாது என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து முழுதாக நிறுத்திவிடுகிறாள். கூட்ட வேண்டிய வாரத்தில் குறைந்துபோகிறது.

லேசான குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்தால் பிள்ளையின் அறிவுத்திறன் கூடுமா என்று பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள், 2012இலும் 2017இலும், கூடவில்லை என்றே சொல்லின. ஆனால் இரண்டிலும் சிகிச்சை தொடங்கும்போது பெரும்பாலோருக்கு முதல் மூன்று மாதம் முடிந்துவிட்டிருந்தது. அதைவிட முன்னால் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

அதனால் அடுத்த மாற்றம் லேபில் நடக்க வேண்டியதல்ல. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண், குழந்தைக்கு முயலும் முன்பே டாக்டரைப் பார்த்து எண்ணைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நாள் தள்ளினால் எவ்வளவு கூட்டுவது என்றும் அப்போதே கேட்டு வைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதல் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தில் தைராய்டு, முன்பு கரு கலைந்தது, சர்க்கரை என்று ஏதாவது இருக்கும் பெண்ணும் நாள் தள்ளிய வாரத்திலேயே ரத்தம் கொடுக்கலாம். பிறகு பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

அன்று மருத்துவத்தால் அந்தப் பெண்ணை எட்ட முடியவில்லை. இன்று எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, பெண்தான் மூன்று மாதம் பிந்தி வருகிறாள். அவளைப் பிந்த வைப்பது நாம். ஊருக்குச் சொல்வதை வளைகாப்பு வரை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், டாக்டருக்கு முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.