பூச்சியை வென்ற குளவி

பூச்சிமருந்தின் விலை யாது? கடைக்காரர் சொல்லும் தொகை அதன் ஒரு பகுதியே. தெளிப்பவனுடைய உடல்நலம், கிணற்று நீர், நன்மை செய்யும் பூச்சிகள் ஆகியவற்றுக்கு நேரும் கேட்டையும் அதனுடன் கூட்டுதல் வேண்டும்.

2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலியவற்றின் சாற்றை உறிஞ்சியது. அதன் உடலை மூடிய வெண்மெழுகைக் கடந்து மருந்து எளிதில் உட்புகவில்லை. உழவர் மீண்டும் மீண்டும் தெளித்தனர். செலவு ஏறிற்று, பூச்சி அடங்கவில்லை.

தாயகத்தில் இப்பூச்சியைக் கட்டுப்படுத்தும் இயற்கைப் பகைவர் உண்டு, இங்கு இல்லை. ஆதலின் 2010இல் புவேர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து ‘அசெரோபேகஸ் பப்பாயே’ என்னும் நுண்குளவி வரவழைக்கப்பட்டது. தக்க சோதனைக்குப் பின், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் அதனைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டன. குளவி மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். வெளிவரும் புழு அதனை உள்ளிருந்தே உண்ணும். சில மாதங்களில் மாவுப்பூச்சி பெரிதும் குறைந்தது.

இதனால் விளைந்த முதலாண்டுப் பயன் 12.1 கோடி முதல் 30.9 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2014இல் வெளியான பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது.

எல்லாப் பூச்சிக்கும் இத்தகைய குளவி கிடைத்துவிடாது. எனினும் நத்தத்து மாந்தோப்பாயினும் சரி, பிற ஊர்க் கத்தரித் தோட்டமாயினும் சரி, மருந்துப் புட்டியைத் திறக்குமுன் முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.