தோட்டத்து உளிக்கும் கணினித் திரையில் இடமுண்டு

“கேம்ஸ் விளையாடியே கெட்டுப் போகப் போகிறாய்!” என்ற அர்ச்சனையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. விளையாடுவதோடு நின்றுவிட்டால் பெற்றோரின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால், ஒரு விளையாட்டைப் பிரித்துப் பார்த்து, மாற்றியமைத்து, அதிலிருந்து புதியதொன்றைப் படைக்கும் மாணவரின் பொழுதுபோக்கு வேறு வகையானது. அதனை ‘மோடிங்’ என்பர். தமிழில் ‘மாற்றமைப்பு’ எனலாம்.

மாற்றமைப்பு என்றால் என்ன? கணினி விளையாட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. திரையில் தெரியும் படங்களும் ஒலிகளும் முதல் அடுக்கு. ஆட்டம் நடக்கும் களம் இரண்டாவது. எதைச் செய்தால் வெற்றி, எதைச் செய்தால் தோல்வி என்று முடிவு செய்யும் விதிகள் மூன்றாவது. இவை அனைத்தையும் தாங்கி நிற்கும் மென்பொருளை ‘எஞ்சின்’ என்கிறார்கள். எஞ்சினைப் புதிதாக எழுதாமல், இந்த அடுக்குகளில் ஒன்றையோ பலவற்றையோ மாற்றுவதே மாற்றமைப்பு.

நம் நாட்டுச் சைபர் கஃபேக்களில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்ட ‘கவுண்டர்-ஸ்டிரைக்’ இப்படிப் பிறந்ததுதான். ‘ஹாஃப்-லைஃப்’ என்ற விளையாட்டை மாற்றி, 1999-இல் அதனை உருவாக்கிய மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் அப்போது பல்கலைக்கழக மாணவர்கள்! 2000-இல் வால்வ் நிறுவனம் அதன் உரிமையை வாங்கி, இருவரையும் பணியில் சேர்த்துக் கொண்டது. ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டின் மாற்றமைப்பாக 2003-இல் தோன்றிய ‘டோட்டா’வும் அவ்வாறே வளர்ந்து, 2013-இல் ‘டோட்டா 2’ எனத் தனி விளையாட்டாக வெளிவந்தது.

தமிழர்கள் இதில் என்ன செய்திருக்கிறார்கள்? 2017-இல் வெளிவந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்ற கைப்பேசி விளையாட்டைத் தமிழக இளைஞர்கள் தங்கள் ஊர் விளையாட்டாகவே ஆக்கிக் கொண்டார்கள். அதில் பேருந்தின் வெளித்தோற்றம், விரித்து வைத்த அட்டைப்பெட்டியைப் போல ஒரு தட்டையான படமாக இருக்கும். அப்படத்தின்மேல் தமிழக அரசுப் பேருந்தின் வண்ணங்களையும் எழுத்துகளையும் வரைந்துவிட்டால், இந்தோனேசியச் சாலையில் தமிழ்நாட்டுப் பேருந்து ஓடும்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. பேருந்தின்மேல் உள்ள தமிழ் வெறும் படம். ஆகவே சரியாகத் தெரியும். அதே தமிழைப் பாத்திரங்களின் உரையாடலாகக் கொண்டுவந்தால் பல எஞ்சின்களில் எழுத்து உடைந்துவிடுகிறது. ‘கெ’ என்ற எழுத்தை எடுத்துக் கொள்வோம். கணினியின் நினைவில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் பதிவாகின்றன. திரையிலோ கொம்பு முன்னே வர வேண்டும். இந்த இடமாற்றத்தை அறியாத எஞ்சின், கொம்பைப் பின்னால் தொங்கவிட்டுவிடும். 2023-இல் வந்த ‘கோடோ 4’ என்ற இலவச எஞ்சின் இத்தகைய எழுத்துகளை முறையாகக் கோக்கிறது. தமிழில் விளையாட்டு செய்ய விரும்பும் மாணவருக்கு இது நற்செய்தி.

மொழிக்கு வழி பிறந்துவிட்டது; சொல்வதற்குக் கதை இருக்கிறதா? 2023-இல் டொரொண்டோவின் விசாய் கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’வைப் பாருங்கள். 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைக் கொண்டு, விடுபட்ட படிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்வதே ஆட்டம். 2024-இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தேர்வு பெற்றது. நம் அம்மாக்களின் கைப்பக்குவமே அங்கு விளையாட்டு விதியாகிவிட்டது.

அப்படியானால் சுங்காயில் என்ன இருக்கிறது? தோட்டம் இருக்கிறது! பால்மரம் சீவுவதை எண்ணிப் பாருங்கள். உளி ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயப்படும். பட்டை மீண்டும் சீராக வளராது. மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். வெயில் ஏறினால் பால் வடிவது மட்டுப்படும். மழை பெய்தால் மங்கில் சேர வேண்டிய பால் வீணாகும். திறமை, நேரம், இடர் என ஒரு விளையாட்டுக்குத் தேவையான மூன்றும் இதில் அடங்கியுள்ளன. களமும் ஆயத்தமாகவே உள்ளது. நிரையின் நேரே நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வழி தெரியும். ஓரடி விலகினால் மரங்கள் மறைத்துக் கொள்ளும். இதனை எந்த வெளிநாட்டு நிறுவனமும் நமக்காகச் செய்து தரப் போவதில்லை.

பேராக்கில் பால்மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. உளி பிடித்த கைகளுக்கும் வயதாகிவிட்டது. எத்தனை அங்குலம் சீவ வேண்டும், இருட்டில் அடுத்த மரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையெல்லாம் பாட்டிமார்களிடம் இப்போதே கேட்டுப் பதிவு செய்யாவிட்டால், பிறகு கேட்க ஆளிருக்காது.

தொடங்க விரும்புவோர் சிறியதாகத் தொடங்குங்கள். முதலில் ஒரு படத்தை மாற்றுங்கள். அடுத்து ஒரு களம். அதன் பின் ஒரே ஒரு விதி. பிறர் வரைந்ததை அனுமதியின்றி எடுக்காதீர்கள்; உதவியவர் பெயரைக் குறிப்பிடுங்கள். ஒரே ஒரு மரம், ஓர் உளி, ஒரு மங்கு. இந்த மூன்றை மட்டும் வைத்து ஐந்து நிமிட ஆட்டம் ஒன்றைச் செய்து முடித்து, அதனை ஒரு பாட்டியிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். “இப்படியா சீவுவாங்க?” என்று அவர் திருத்தும்போதுதான் உண்மையான வடிவமைப்பு தொடங்குகிறது.