கைப்பேசி உரையாடலுக்கு இலக்கணம் வேண்டுமா?

மொழி, பேச்சு எனவும் எழுத்து எனவும் இரு வடிவில் இயங்குவது. எதிரே நிற்பவரிடம் பேசினோம். தொலைவில் உள்ளவர்க்கு எழுதினோம். அண்மைக்காலம் வரை இவ்விரண்டிற்கும் இடையே தெளிவான எல்லை இருந்தது. கைப்பேசி வந்தபின் அவ்வெல்லை மங்கிவிட்டது. ‘புலனம்’ என நாம் வழங்கும் வாட்ஸ்அப் வழியாக நாள்தோறும் அனுப்பும் செய்திகள் தன்மையால் பேச்சு, வடிவால் எழுத்து. விடியற்காலைப் பெரட்டிற்கு முன்னர் மண்டோர் விடுக்கும் செய்தியும், நகரத்தில் பணிபுரியும் மகள் தாய்க்கு எழுதும் இரண்டு வரிகளும், பள்ளிப் பெற்றோர் குழுவில் நிகழும் உரையாடலும் இவ்வகையைச் சார்ந்தவையே.

இத்தகைய உரையாடலில் எழுத்துப் பிழையையும் இலக்கணத்தையும் பார்க்க வேண்டுமா என்னும் வினா அடிக்கடி எழுகின்றது. “பேச்சுக்கு எதற்கு இலக்கணம்? புரிந்தால் போதாதா?” என்பர் ஒரு சாரார். “ஓர் ஒற்று விடுபட்டாலும் தமிழ் கெட்டது” என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளிலும் உள்ள உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஈண்டு நோக்குவோம்.

பேச்சு வழக்கு பிழையன்று

முதற்கண், பேச்சு வழக்கில் எழுதுவது வேறு, பிழைபட எழுதுவது வேறு என்பதை உணர்தல் வேண்டும். தோழனுக்கு எழுதும்பொழுது ‘வருகிறேன்’ என்பதை ‘வர்றேன்’ என்று எழுதுவது பிழையன்று. ‘சாப்பிட்டாயா’ என்பதைச் ‘சாப்ட்டியா’ என்று கேட்பதனால் தமிழுக்கு யாதொரு குறையும் நேர்ந்துவிடாது. மாலையில் கடைக்குப் போகின்றவன் திருமண வேட்டி கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆயினும், அவன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போவதும் இல்லை அல்லவா?

நம் இலக்கண நூலார் இதனை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியம் மக்களின் பேச்சையும் புலவர்தம் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்து இயற்றப்பட்டது என்பதை அதன் பாயிரம் உணர்த்துகின்றது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மக்கள் வழக்கினை வகைப்படுத்தும்பொழுது மருவி வழங்கும் சொற்களுக்கும் இடமளிக்கின்றது. ‘தஞ்சாவூர்’ என்பது ‘தஞ்சை’ ஆனது அத்தகையது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் ‘குழூஉக்குறி’க்கும் அந்நூலில் இடமுண்டு. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். இன்றைய இளைஞர் தம் நண்பர் குழுவில் மட்டும் கையாளும் சுருக்கச் சொற்கள் இதனோடு ஒத்தவையே.

இதனினும் வியப்பானது வழுவமைதி என்னும் பகுதி. தாய் ஒருத்தி தன் மகளை ‘வாடா கண்ணா’ என்று அழைக்கின்றாள். பெண்பாலை ஆண்பாலாகக் கூறுதல் விதிப்படி வழுவாகும். எனினும், உவகையால் பிறந்த சொல்லாதலின் இலக்கணம் அதனை ஏற்றுக்கொள்கின்றது. வீட்டிற்குத் திரும்பி வரும் பசுவைப் பார்த்து ‘என் அம்மா வந்தாள்’ என்று கூறுவதும் அவ்வாறே. ஆகவே, இலக்கணம் அன்பின் மொழிக்குப் பகையன்று என்பது தெளிவு.

வலியும் வழியும்

அங்ஙனமாயின் எதனையும் எவ்வாறும் எழுதலாமோ எனின், எழுதலாகாது. நேரில் பேசும்பொழுது முகக்குறிப்பும் குரலும் கைச்சாடையும் நமக்குத் துணை நிற்கின்றன. ஐயம் எழுந்தால் உடனே கேட்டுத் தெளிகின்றோம். எழுதியனுப்பும் செய்திக்கோ எழுத்து ஒன்றே துணை.

பல பிழைகளைப் படிப்பவர் இடம் நோக்கித் திருத்திக்கொள்வார் என்பது உண்மையே. ‘மகனுக்கு வயிற்று வழி, இன்று பள்ளிக்கு வரமாட்டான்’ என்று ஒரு தாய் எழுதினால், அவன் நோயுற்றிருக்கிறான் என்பதை ஆசிரியர் அறிந்துகொள்வார். ஆனால், ‘பாட்டிக்கு வலி தெரியவில்லை’ என்பதையும் ‘பாட்டிக்கு வழி தெரியவில்லை’ என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள். முன்னது ஆறுதல் தரும் செய்தி. பின்னது வேலையை விட்டுவிட்டுத் தேடிப் புறப்பட வேண்டிய செய்தி. வேறுபாடு ஓரெழுத்துத்தான். கோயில் கூட்டுப்பணிக்குக் ‘கறி’ வாங்கச் சொன்னால் சமைக்கலாம். ‘கரி’ வாங்கச் சொன்னால் அடுப்புதான் எரியும். மணப்பெண்ணுக்குக் ‘கூறை’ எடுப்பர். வீட்டிற்குக் ‘கூரை’ வேய்வர்.

ஒற்றெழுத்தும் இவ்வாறே பொருளைக் காப்பது. ‘வேலை கொடுத்தார்’ என்றால் பணி கொடுத்தார் என்பது பொருள். ‘வேலைக் கொடுத்தார்’ என்றால் முருகன் கையில் விளங்கும் வேலினைக் கொடுத்தார் என்றாகும். நிறுத்தக்குறியும் அற்பமன்று. ‘வீட்டில் யாரும் இல்லை அம்மா மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள்’ என்று ஒரு மகள் எழுதுகிறாள். ‘இல்லை’ என்பதன்பின் நிறுத்தினால், மருத்துவமனைக்குச் சென்றவர் தாயார். ‘அம்மா’ என்பதன்பின் நிறுத்தினால், மகள் தாயிடம் பேசுகிறாள். சென்றவர் வேறு யாரோ. தொலைவில் இருந்து படிப்பவரின் நெஞ்சு பதைப்பதற்கு ஒரு புள்ளி இல்லாமையே போதும்.

சில இடங்களில் பிழை பொருளைக் கெடுக்காவிடினும் மதிப்பைக் குறைக்கும். துக்க வீட்டிற்கு அனுப்பும் செய்தியில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்பதற்கு மாறாக ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதுவோர் பலர். இரங்குதல் மனம் வருந்துதல். இறங்குதல் கீழே வருதல். துயருற்றோர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். எனினும், அத்தகைய வேளையில் ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்புதல், துக்க வீட்டு வாசலில் காலணியைக் கழற்றி வைப்பது போன்ற ஒரு மரியாதை.

ரூமி எழுத்தில் தமிழ்

நம்மவர் பலர் தமிழைத் தமிழெழுத்தில் எழுதாது, மலாய்மொழிக்கு வழங்கும் ரூமி எழுத்தில் எழுதுகின்றனர். இப்பழக்கம் தமிழை வெறுத்ததனால் வந்ததன்று. அதற்குக் காரணம் உண்டு.

உலகின் முதற் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பிரிட்டனில் அனுப்பப்பட்டது. அம்முறையில் ஒரு செய்திக்குள் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழ் முதலிய எழுத்துகளுக்கு 70 இடங்களே உண்டு. அதிலும், மெய்யெழுத்தின் புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம் வேண்டும். ‘அம்மா’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து இடங்களை எடுத்துக்கொள்ளும். செய்தி ஒவ்வொன்றிற்கும் காசு கட்டிய அந்நாளில், ரூமியில் எழுதுவது சிக்கனமாக இருந்தது. மேலும், பல கைப்பேசிகளில் தமிழெழுத்தே இல்லை. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழில் எழுத வழிகாட்டியது. இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் விசைப்பலகை இருக்கின்றது. எழுத்தை எண்ணிக் காசு கொடுக்கும் நிலையும் புலனத்தில் இல்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கின்றது.

இதனால் நேரும் குறை யாது? ரூமியில் எழுதினால் வலி, வழி, வளி ஆகிய மூன்றும் ஒரே உருவம் பெறுகின்றன. நெடிலைக் காட்டாது எழுதுவோர் கையில் வாளியும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றது. மலாய்மொழிக்கு ரூமியில் திட்டமான எழுத்து முறை உண்டு. மலேசியாவும் இந்தோனேசியாவும் வெவ்வேறாக எழுதிவந்த சொற்களை, 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பொதுவான எழுத்து முறையின்கீழ்க் கொண்டுவந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் இடரின்றிப் படித்தற்பொருட்டே அவ்வேற்பாடு. அன்றாட வழக்கில் தமிழை ரூமியில் எழுதுவதற்கு அத்தகைய உடன்பாடு ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் தம் செவிக்குத் தோன்றியவாறு எழுதுகின்றனர். படிப்பவர் வாய்விட்டு ஒலித்துப் பார்த்தே பொருள் காண வேண்டியுள்ளது.

குறுஞ்செய்திச் சுருக்கங்களால் பிள்ளைகளின் மொழியறிவு கெடுமோ எனப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 10 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களை ஆராய்ந்தது. சுருக்கங்களை மிகுதியாகக் கையாண்ட சிறுவர்கள் வாசிப்பில் பின்தங்கவில்லை. முன்னிற்கும் போக்கே காணப்பட்டது. ஒரு சொல்லைச் சுருக்குவதற்கு அதன் ஒலியை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? ஆயினும், அச்சிறுவர்கள் ஆங்கிலத்தை ஆங்கில எழுத்திலேயே எழுதினர். தமிழை ரூமியில் எழுதும் நம் பிள்ளைகளுக்கோ ழகரத்தையும் றகரத்தையும் எழுதிப் பழகும் வாய்ப்பே கிட்டுவதில்லை. நாம் அஞ்ச வேண்டியது சுருக்கத்திற்கு அன்று, எழுத்தையே கைவிடுவதற்கு.

பிறர் பிழையைக் காணும்பொழுது

இந்நாட்டில் தமிழ்ப்பள்ளி என்பது தொடக்கப்பள்ளியே. ஆறாண்டுகள் தமிழில் பயின்ற மாணவர், பின்னர் மலாய்மொழி வழியிலான இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். ஆங்குத் தமிழை ஒரு பாடமாகத் தொடர்வோரும் உளர், தொடராதோரும் உளர். வறுமையால் படிப்பையே நிறுத்தியவர்களும் நம் தோட்டங்களில் உண்டு. அத்தகைய ஒருவர் பன்னிரண்டு வயதிற்குப்பின் தமிழில் எழுதுவது எங்கே? விண்ணப்பம் மலாய்மொழியில், கணக்கு மலாய்மொழியில், மருத்துவமனைச் சீட்டும் அம்மொழியிலேயே. தாய்க்கும் தங்கைக்கும் பிள்ளையின் ஆசிரியருக்கும் அனுப்பும் கைப்பேசிச் செய்தி ஒன்றே அவர் எழுதும் தமிழ். நம் வினாவின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது.

இதனை உணராது, குழுவில் ஒரு தாய் எழுதிய வரியை எடுத்துக்காட்டிப் பலர் முன்னிலையில் நகைப்போர் உளர். அதன் விளைவு அத்தாய் திருத்தமாக எழுதுவதன்று, எழுதுவதையே நிறுத்திவிடுவது. மறுநாள் முதல் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் இட்டுவிட்டு அவர் மௌனமாகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும், பேருந்து வரவில்லை என்பதையும் எழுதத் தயங்குகிறார். ஒரு பிழையைத் திருத்தப் போய் ஒரு தமிழ்க் கையை இழந்துவிடுகிறோம்.

தமிழறிந்தோரே கருத்து வேறுபடும் இடங்களும் உண்டு. ‘வாழ்த்துகள்’ என்பதா, ‘வாழ்த்துக்கள்’ என்பதா என்னும் வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒற்று மிகாமல் எழுதுவதே சிறப்பு என்பார் பலர். இரண்டும் பொருந்தும் என்பாரும் உளர். கற்றோர் நிலையே இதுவாயின், வாழ்த்த வந்தவரை வழிமறித்து நிறுத்துவது முறையாகுமா?

நாம் செய்யத்தக்கவை

மாணவச் செல்வங்களே! நண்பரிடம் பேச்சுத் தமிழில் தாராளமாக எழுதுங்கள். ஆனால், தமிழெழுத்தில் எழுதுங்கள். ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் எழுதும்பொழுது முழுச் சொற்களால் எழுதுங்கள். நாள், நேரம், இடம், மருந்து ஆகியன பற்றிய செய்தியாயின், அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். கைப்பேசி தானாகக் காட்டும் சொல் எப்பொழுதும் நீங்கள் கருதிய சொல்லாக இராது. வீட்டில் உள்ளோர்க்குத் தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுங்கள். அவர்களுக்கு அருகிலிருந்து பழக்குங்கள்.

பெற்றோர்களே! பிழை வந்துவிடுமோ என்று அஞ்சி எழுதாமல் இருந்துவிடாதீர்கள். இயலாத வேளையில் குரலைப் பதிந்து அனுப்பலாம், அதுவும் தமிழே. பிறர் பிழை கண்டால், அவருக்கு மட்டும் தனியே, அன்போடு, ஒருமுறை கூறுங்கள். அதனினும் நல்ல முறை ஒன்றுண்டு. ‘வயிற்று வழி’ என்று எழுதியவருக்கு, ‘வயிற்று வலி குணமாகிவிட்டதா?’ என்று நலம் விசாரித்து மறுமொழி எழுதுங்கள். நலமும் கேட்டதாகும், எழுத்தும் சொன்னதாகும்.

ஆகவே, கைப்பேசி உரையாடலுக்கு இலக்கணம் வேண்டுமா எனின், வேண்டும். படிப்பவர் பொருளை இடரின்றி அறியும் அளவிற்கு வேண்டும். எழுதுபவரை அச்சுறுத்தும் அளவிற்கு வேண்டா. 1816ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி, இன்று 500க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இந்நாட்டில் நடந்து வருகின்றது. அப்பள்ளிகளில் கற்ற எழுத்து, பள்ளி வாயிலோடு நின்றுவிடாமல் நம் விரல் நுனியில் நாள்தோறும் வழங்கி வருதல் வேண்டும். பிழையின்றி எழுத முயல்வோம். பிழையோடு எழுதுவோரையும் அணைத்துச் செல்வோம்.